கால்டெரா: ஒரு பள்ளத்துக்கு ஏன் அண்டாவின் பெயர்?

கூழாங்கல் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. எரிமலைகள் பற்றிய ஒரு சிறு நூலைத் தமிழில் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். பள்ளி மாணவர்களுக்கானது. 'கால்டெரா' என்ற சொல் வரும்வரை வேலை தடையில்லாமல் ஓடியது.

ஸ்பானிய அகராதியைப் புரட்டினால் கொதிகலன், பெரிய அண்டா என்று போட்டிருக்கிறது. நிலவியல் அகராதியில் எரிமலை உச்சி உள்ளே சரிந்து உண்டான பெரும்பள்ளம் என்கிறார்கள். அண்டா எப்படிப் பள்ளமானது? வடிவத்தைப் பார்த்தா, உள்ளே கொதிப்பதைப் பார்த்தா? யார் முதலில் இப்படி அழைத்தார்கள்?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்திலுள்ள கிரேட்டர் ஏரி ஒரு கால்டெரா என்று நூல் சொல்கிறது. தான்சானியாவின் கோரோங்கோரோ கிரேட்டரும் கால்டெராதானாம். கிரேட்டர் என்றால் எரிமலை வாயைச் சுற்றிய கிண்ணம் அல்லவா? கால்டெரா என்றால் கால்டெரா என்றே பெயர் வைத்திருக்கலாமே? பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

தமிழில் எப்படி எழுதுவது என்பதையும் யாராவது சொன்னால் நன்றி.

அகராதிப்புழு

வேர் எளிது. லத்தீனில் 'கலிதுஸ்' என்றால் சூடானது. அதிலிருந்து 'கல்தாரியா', சமைக்கும் பெரிய பாத்திரம். அதுவே ஸ்பானியத்தில் 'கல்தேரா' ஆனது, போர்த்துகீசியத்தில் 'கல்தெய்ரா', பிரெஞ்சில் 'ஷோதியேர்'. ஆங்கிலத்தில் சூனியக்காரக் கிழவிகள் கிளறும் 'கால்ட்ரன்' இதே குடும்பத்துப் பிள்ளை. ரோமானியக் குளியல் கூடத்தின் வெந்நீர் அறைக்குக் 'கல்தாரியும்' என்று பெயர். கலோரியும் இந்த வேரிலிருந்துதான் வருகிறது.

கிரேட்டரும் பாத்திரம்தான், தெரியுமோ? கிரேக்கத்தில் 'கிராத்தேர்' என்றால் திராட்சை மதுவையும் தண்ணீரையும் கலக்கும் அகன்ற கலம். ஆக ஒன்று விருந்துக் கூடத்திலிருந்து வந்தது, மற்றது அடுப்படியிலிருந்து வந்தது. எரிமலைக்காரர்களுக்குப் பாத்திரக் கடை மேல் ஒரு கண் போலும்.

யார் முதலில் நிலவியலுக்குள் கொண்டுவந்தார்கள் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

விளிம்புவாசி

கூழாங்கல், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தச் சொல் பிறந்த பள்ளத்தின் விளிம்பில் வேலை பார்த்தவன் நான்.

கனாரித் தீவுகளில் லா பால்மா என்று ஒரு தீவு. ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே, அட்லாண்டிக்கில், ஸ்பெயினுக்குச் சொந்தமானது. அதன் உச்சி ரோக்கே தெ லோஸ் முச்சாச்சோஸ், 2,426 மீட்டர். அங்கே வானோக்கு நிலையம் இருக்கிறது. 10.4 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி உட்படப் பல கருவிகள். நான் அங்கே கருவிப் பராமரிப்பில் இருந்தேன். ராத்திரி வேலை முடிந்து வெளியே வந்தால் ஒரு பக்கம் வெள்ளைக் குவிமாடங்கள், மறுபக்கம் தரையே கிடையாது. கம்பி வேலிக்கு அப்பால் நேராகக் கீழே போகிறது மலை. அந்தப் பள்ளம்தான் கல்தேரா தெ தபுரியெந்தே. குறுக்களவு சுமார் 8 கி.மீ. உச்சியிலிருந்து அடிவரை கணக்குப் போட்டால் இரண்டு கிலோமீட்டரை நெருங்கும் ஆழம். பல நாள் காலையில் தீவைச் சுற்றிலும் மேகம் ஆயிரம் சொச்சம் மீட்டர் உயரத்தில் பாய் விரித்துக் கிடக்கும். தென்கிழக்கே தணிந்த மலைமுதுகைத் தாண்டி அது மறுபக்கச் சரிவில் வழிவதைப் பார்க்கலாம்.

உள்ளூர்க்காரர்கள் முழுப் பெயரெல்லாம் சொல்ல மாட்டார்கள். 'லா கல்தேரா' என்றால் போதும். ஆனால் ஸ்பானியத்தில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனுக்கும் அதே பெயர்தான். நான் போன புதிதில் தங்குமிட அறிவிப்புப் பலகையில் 'கல்தேரா பழுதாகியுள்ளது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று எழுதியிருந்தது. இவ்வளவு பெரிய பள்ளம் எப்படிப் பழுதாகும் என்று எட்டி வேறு பார்த்தேன். அன்றிரவு பச்சைத் தண்ணீரில் குளித்தபோது சொற்பொருள் விளங்கியது.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். 1493-இல் காஸ்தில் அரசின் சார்பில் வந்த அலோன்சோ ஃபெர்னாந்தெஸ் தெ லூகோவின் படை தீவைப் பிடித்து முடித்தது. கடைசிவரை எதிர்த்து நின்ற பூர்வகுடித் தலைவர் தனாவுசு இந்தப் பள்ளத்துக்குள்தான் இருந்தார். உள்ளே வர வசதியான வழிகள் ரொம்பக் குறைவு, அதனால் கோட்டையே தேவைப்படவில்லை. பிறகு குடியேறிய ஸ்பானியர் இதைப் பார்த்துவிட்டு, சுற்றிலும் செங்குத்துச் சுவர், நடுவில் குழி, அண்டா மாதிரி இருக்கிறதே என்று கல்தேரா என்றார்கள். எரிமலை அறிவியல் எதுவும் அவர்கள் மனதில் இருந்திருக்க முடியாது. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: கொதிப்பதைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். உள்ளே கொதிக்க ஒன்றுமே இல்லை. பைன் மரக் காடும் ஓடைகளும்தான். இரும்புச் சத்துள்ள தண்ணீர் பாறையில் மஞ்சள், காவி நிறம் ஏற்றி வைத்திருக்கிறது, அவ்வளவே.

அப்புறம் 1815-இல் லியோபோல்ட் ஃபோன் புக் வருகிறார். ஜெர்மன் நிலவியலாளர், அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பெரும்பெயர். கூடவே நார்வேக்காரத் தாவரவியலாளர் கிறிஸ்தென் ஸ்மித். ஸ்மித் பாவம், அடுத்த ஆண்டே காங்கோ ஆற்றுப் பயணத்தில் இறந்துபோனார். ஃபோன் புக் கனாரித் தீவுகளைப் பற்றி 1825-இல் நூல் வெளியிட்டார். கல்தேரா என்ற ஊர்ச்சொல்லும், மலையிடுக்கு ஓடைப்பள்ளத்துக்கு அங்கே சொல்லும் 'பர்ராங்கோ'வும் அந்த நூல் வழியாகத்தான் அறிவியலுக்குள் நுழைந்தன.

அவருடைய கொள்கை என்ன? கடலடியில் பாயாகப் படிந்து கிடந்த எரிமலைப் பாறை அடுக்குகளைக் கீழிருந்து ஏதோ ஒரு விசை மேலே தள்ளுகிறது. அடுக்குகள் கூடாரம்போல் எழும்புகின்றன, உச்சி தாங்காமல் வெடித்துப் பிளக்கிறது. நடுப்பிளவு கல்தேரா, அதிலிருந்து கதிர்போல் ஓடும் வெடிப்புகள் பர்ராங்கோக்கள். இதற்கு 'எழுச்சிக் கிண்ணம்' என்ற பொருளில் ஒரு ஜெர்மன் பெயரும் வைத்தார். எடுத்துக்காட்டுகளில் முதலிடம் லா பால்மாவுக்கு. உள்ளே நின்று பார்த்தால் இந்தக் கற்பனை ஏன் வந்தது என்பது புரியும். சுவர்களில் அடுக்குகள் எல்லாப் பக்கமும் வெளியே சாய்ந்திருக்கும். பிதுங்கி எழுந்ததுபோலவேதான் தோன்றும்.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு தற்செயல். அதே 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா வெடித்தது. உச்சி காணாமல்போய், சுமார் 6 கி.மீ. அகலமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆழமும் உள்ள ஒரு பள்ளம் உண்டானது. இன்றைய இலக்கணப்படி சொக்கத்தங்கமான கால்டெரா. உலகின் ஒரு மூலையில் அசல் ஒன்று பிறந்த வருடத்தில்தான் இன்னொரு மூலையில் இவர் அசல் அல்லாத ஒன்றைச் சுற்றிப் பார்த்து அதன் பெயரை எடுத்துக்கொண்டு போனார்.

அசல் அல்லாதது என்று ஏன் சொல்கிறேன்? பிரிட்டிஷ் நிலவியலாளர் சார்ல்ஸ் லையல் இந்த எழுச்சிக் கொள்கையை ஆரம்பத்திலிருந்தே ஏற்கவில்லை. ஃபோன் புக் 1853-இல் காலமானார். அடுத்த வருடம் லையல், கெயோர்க் ஹார்ட்டுங் என்பவரோடு லா பால்மாவுக்கே வந்து பார்த்தார். தென்மேற்குச் சுவரில் ஒரே ஒரு பெரிய உடைப்பு இருக்கிறது, அங்குஸ்தியாஸ் பர்ராங்கோ. பள்ளத்தின் தண்ணீர் முழுவதும் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. கூடாரம்போல் எழும்பிப் பிளந்திருந்தால் சுற்றிலும் அத்தனை திசையிலும் உட்குழிவரை வெடிப்புகள் இருக்க வேண்டுமே, ஏன் ஒன்றுதான் இருக்கிறது? லையலின் விடை: லாவா சரிவிலேயே வழிந்து சரிவிலேயே இறுகியது, அதனால்தான் அந்தச் சாய்வு. பள்ளத்தைப் பெரிதாக்கியதில் தண்ணீருக்குப் பெரும்பங்கு. செங்குத்துச் சரிவில் லாவா கெட்டியான பாறையாக இறுக முடியாது என்று எதிர்முகாம் சொல்லிக்கொண்டிருந்தது. லையல் இத்தாலியின் எட்னா எரிமலைக்குப் போய் அப்படி இறுகிய லாவாக்களைக் காட்டி 1858-இல் அந்த வாதத்துக்கும் பதில் எழுதினார்.

இன்று நமக்குத் தெரிவது இது. சுமார் 5 லட்சத்திலிருந்து 6 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தீவின் மேற்குப் பக்கத்தில் மலையின் ஒரு பெரும் பாகம் அப்படியே கடலுக்குள் சரிந்தது. அந்த வடுவைப் பிடித்துக்கொண்டு ஓடைகள் உள்நோக்கி அரித்து அரித்து இன்றைய வட்டத்தை உண்டாக்கின. நிலச்சரிவு, பிறகு தண்ணீர். உச்சி உள்ளே இடிந்து விழுந்த கதை இங்கே கிடையாது. அதாவது கால்டெரா என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த இடம், இன்றைய வரையறைப்படி கால்டெராவே இல்லை.

கீழே போய் நடந்தால் இது கண்ணுக்கே தெரியும். லோஸ் பிரெசித்தோஸ் வரை டாக்சி விடுவார்கள். அங்கிருந்து இறங்கி, தபுரியெந்தே ஓடைப் படுகையைத் தாண்டி, இரண்டு ஓடைகள் சேரும் தோஸ் அகுவாஸ் வழியாக அங்குஸ்தியாஸ் பள்ளத்துக்குள் வெளியேறலாம். வழியெல்லாம் உருண்டைக் கற்கள், அறுத்த கரைகள், மேலிருந்து விழுந்த வண்டி வண்டியான பாறைகள். ஓடையைப் பல தடவை குறுக்கே தாண்ட வேண்டியிருக்கும். மழை எச்சரிக்கை இருந்தால் போகக் கூடாது. மேலே சுவர்களில் பெய்வதெல்லாம் அந்த ஒரே வாசலுக்குத்தான் வர வேண்டும், வெள்ளம் வந்தால் ஒதுங்க இடமில்லை. அந்தத் தண்ணீரைப் பார்த்தவருக்கு லையல் சொன்னதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

கூழாங்கல்

விளிம்புவாசி சார், நன்றி. நான் ஒரு பத்தி எதிர்பார்த்தேன், நீங்கள் ஒரு அத்தியாயமே கொடுத்துவிட்டீர்கள். ஆனால் இப்போது இன்னும் சிக்கலாகிவிட்டது. பெயர் கொடுத்த இடம் கால்டெரா இல்லை என்றால், 'உச்சி உள்ளே இடிந்து விழுந்த பள்ளம்' என்ற பொருள் சொல்லுக்குள் எப்போது வந்தது?

நுரைக்கல்

இதை நான் எடுத்துக்கொள்கிறேன், என் பாடம் இதுதான்.

ஃபோன் புக்குக்குப் பின் ரொம்ப நாள் கால்டெரா என்பது 'எரிமலையில் உள்ள பெரிய கிண்ணம்' என்ற அளவில்தான் இருந்தது. எப்படி உண்டானாலும் சரி. 1880-களில் அமெரிக்க நிலவியலாளர் கிளாரென்ஸ் டட்டன் ஹவாயின் கீலவேயா, மௌனா லோவா எரிமலைகளின் உச்சிப் பள்ளங்களைச் சாதாரணக் கிரேட்டர்களோடு சேர்க்காமல் கால்டெரா என்று பிரித்து எழுதினார். அங்கே வெடித்துச் சிதறிய கோலம் இல்லை, தரை படிப்படியாக உள்ளிறங்கியிருந்தது.

பெரிய சண்டை வெடிப்பு எரிமலைகள் விஷயத்தில்தான். மலையின் தலை காணவில்லை. வெடித்துப் பறந்ததா, உள்ளே விழுந்ததா? இதைத் தீர்க்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது. சுற்றுப்புறத்தில் கிடக்கும் குப்பையைக் கிளற வேண்டும். தலை வெடித்துப் பறந்திருந்தால் பழைய மலையின் உடைந்த பாறைகள் மைல் கணக்கில் கிடக்க வேண்டும். இந்தோனேசியாவின் க்ரகடோவா எரிமலை 1883-இல் வெடித்த பிறகு ஆராய்ந்த டச்சுப் பொறியாளர் ஃபெர்பேக் கண்டது பெரும்பாலும் புதிய நுரைக்கல்லும் சாம்பலும்தான். பழைய பாறை சொற்பம். அப்படியென்றால் பழைய மலை எங்கே? இருந்த இடத்திலேயே கீழே போயிருக்கிறது.

உங்கள் கிரேட்டர் ஏரிக்கும் இதே கேள்விதான். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா என்ற எரிமலை ஏறத்தாழ 50 கன கிலோமீட்டர் மாக்மாவை, அதாவது நிலத்தடியில் உருகிய பாறையை, வெளியே கக்கியது. அடியிலிருந்த மாக்மா அறை காலியானதும் மேற்கூரைக்குத் தாங்கல் போனது. வட்டமாக ஒரு வளையப் பிளவு விழுந்து, உச்சி மொத்தமாக அதற்குள் இறங்கியது. 8க்கு 10 கி.மீ. அளவில் பள்ளம். மழையும் பனியும் மட்டுமே நிரப்பி இன்று 594 மீட்டர் ஆழ ஏரி, அமெரிக்காவிலேயே ஆழமானது. எரிமலை ஆய்வாளர் ஹோவல் வில்லியம்ஸ் இந்த மலையையும் உலகின் மற்றப் பள்ளங்களையும் ஒப்பிட்டு 1941-இல் கால்டெராக்களின் தோற்றம் பற்றி ஒரு நீண்ட ஆய்வு வெளியிட்டார். இடிந்து இறங்குவதே முதன்மைக் காரணம் என்ற பொருள் அதன் பிறகுதான் பாடப்புத்தகங்களில் உறுதியானது. ஏரிக்குப் பெயர் வைத்தது 1869-இல். அந்தக் காலத்தில் அங்கே யாருக்கும் இந்த வேறுபாடு தேவைப்படவில்லை, எரிமலைக் குழி என்றால் கிரேட்டர், அவ்வளவுதான். கோரோங்கோரோவும் அதே கதை.

'உள்ளிறங்குவது' என்பது ஊகம் என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. கண்ணெதிரே நடந்திருக்கிறது. 2014 ஆகஸ்டிலிருந்து 2015 பிப்ரவரி வரை ஐஸ்லாந்தின் பார்தர்புங்கா கால்டெராவின் தரை பனிப்பாறைக்கு அடியில் சுமார் 65 மீட்டர் இறங்கியது. வெடிப்பே இல்லை, மாக்மா பக்கவாட்டில் பாய்ந்து வேறு இடத்தில் வழிந்தது. 2018-இல் கீலவேயா. மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை, மலையின் கிழக்குச் சரிவில் 40 கி.மீ. தள்ளி லாவா ஓடிக்கொண்டிருக்க, உச்சியில் ஹலேமாவுமாவு குழி தவணை தவணையாக உட்கார்ந்தது. ஒவ்வொரு தவணைக்கும் ஏறத்தாழ 5 அளவுள்ள ஒரு நிலநடுக்கத்தின் ஆற்றல். கடைசியில் அதன் தரை சுமார் 500 மீட்டர் கீழே போயிருந்தது.

அளவு விஷயத்தில் ஒரு பொது வழக்கம்: ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலமும் இடிந்து இறங்கிய அமைப்பும் இருந்தால் கால்டெரா, எரிமலை கக்கும் வாயைச் சுற்றிய சிறு கிண்ணம் கிரேட்டர். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினத்துபோ உண்டாக்கியது 2.5 கி.மீ. சுமத்ராவின் தோபா, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு உண்டானது, 100க்கு 30 கி.மீ. அதன் நடுவில் இருக்கும் சமோசிர் தீவு தரை மறுபடி மேலே பிதுங்கியதால் வந்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லா என்று கேட்டால், ஆமாம், ஒரே சொல்தான்.

விளிம்புவாசி அண்ணா, ஒரு சின்ன இடையீடு. ஃபோன் புக்கை முழுசாகக் கைவிட்டுவிடாதீர்கள். தபுரியெந்தேயின் அடியிலும் அங்குஸ்தியாஸ் பள்ளத்திலும் தலையணை லாவா தெரிகிறதே? தண்ணீருக்கடியில் கக்கிய லாவாதான் அப்படி உருண்டு உருண்டு இறுகும். 30, 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடி எரிமலையாக இருந்தது, இன்று கடல்மட்டத்துக்கு மேலே நன்றாகச் சாய்ந்து நிற்கிறது. ஏதோ ஒன்று அதைத் தூக்கியிருக்கிறது. பள்ளத்தை உண்டாக்கியது அந்த எழுச்சி இல்லை, அது வேறு. ஆனால் கடலடியில் உண்டானது மேலே எழுந்தது என்று அவர் சொன்ன பாதி நிஜம்.

விளிம்புவாசி

நுரைக்கல், அந்தத் தலையணைகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர்தான் காட்டினார், 'கடல் இங்கே இருந்தது' என்று. நான் அவரை நம்பவில்லை, நீங்கள் சொன்னால் நம்புகிறேன். படித்தவர்கள் என்றால் இப்படித்தான்.

கூழாங்கல், ஒன்று விட்டுப்போனது. கனாரிக்காரர்கள் கல்தேரா என்று தபுரியெந்தேயை மட்டும் சொல்வதில்லை. கிரான் கனாரியாவில் கல்தேரா தெ பந்தாமா இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் வட்டம், இருநூறு மீட்டர் ஆழம், அடியில் ஒரு பழைய பண்ணை வீடு. லான்சரோத்தேயில் கல்தேரா பிளாங்கா, அதாவது வெள்ளை அண்டா. அது நிலவியல் கணக்கில் வெறும் பெரிய கிரேட்டர். மக்களுக்குக் குழி வட்டமாக இருந்தால் போதும், எப்படி உண்டானது என்று விசாரிப்பதில்லை.

போர்த்துகீசியர் பக்கம் போனால் இன்னும் சுவாரசியம். அசோர்ஸ் தீவுகளில் சாவ் மிகேலில் செத்தே சிதாதெஸ் என்று ஒரு கால்டெரா, நிஜமானது, உள்ளே ஏரிகள். அதைக் கல்தெய்ரா என்கிறார்கள். அதே தீவில் ஃபுர்னாஸ் என்ற ஊரில் தரையிலிருந்து கொப்பளிக்கும் வெந்நீர் ஊற்றுகளுக்கும் கல்தெய்ரா என்றே பெயர். அங்கே சூடான மண்ணில் பானையைப் புதைத்து இறைச்சியும் காய்கறியும் வேகவைப்பார்கள். நீங்கள் கேட்டீர்களே, வடிவத்தைப் பார்த்தா, கொதிப்பதைப் பார்த்தா என்று. லா பால்மாவில் வடிவம். ஃபுர்னாஸில் கொதிப்பு.

அகராதிப்புழு

அப்படியானால் தமிழில் தயங்காமல் 'எரிமலைக் கொப்பரை' என்று போடுங்கள். கொப்பரை என்றால் பெரிய உலோகக் கொதிகலம். ஸ்பானியர் எந்தப் பாத்திரத்தைச் சொன்னார்களோ அதே பாத்திரம். கால்டெராவுக்குச் சிலர் எழுதும் 'பெருவாய்' எனக்குப் பிடிக்கவில்லை. வாய் என்றாலே கக்கும் வழி என்று அர்த்தமாகிவிடும், கால்டெரா முழுவதும் கக்குவதில்லை.

நுரைக்கல்

வாய் பற்றிச் சொன்னது சரி. கொப்பரை வேண்டாம். இன்றைக்குப் பிள்ளைகளிடம் கொப்பரை என்றால் காய்ந்த தேங்காயைத்தான் நினைப்பார்கள். எரிமலைத் தேங்காய் பற்றி விடைத்தாளில் எழுதிவைத்தால் நீங்கள்தான் பொறுப்பு. இன்னொரு காரணமும் உண்டு. கிரேட்டரைக் கிண்ணம் என்றும் கால்டெராவைக் கொப்பரை என்றும் போட்டால், சின்னது பெரியது என்ற வேறுபாடு மட்டும்தான் மனதில் நிற்கும். உண்டான விதம் வேறு என்பது போய்விடும்.

அகராதிப்புழு

எந்தச் சொல்தான் உண்டான விதத்தைச் சொல்கிறது? ஸ்பானியச் சொல்லும் சொல்லவில்லையே! வரையறை கொடுத்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். தமிழ்ச்சொல்லை மட்டும் நுழைவுத் தேர்வு வைத்து உள்ளே விடுவது என்ன நியாயம்?

விளிம்புவாசி

இரண்டு பேரும் சொல்வதில் எனக்கு அகராதிப்புழுவின் கோபம் நியாயமாகப் படுகிறது. ஆனாலும் கடன்சொல்லையே வைத்துக்கொள்ளச் சொல்வேன், வேறு காரணத்துக்காக. இது ஓர் ஊர்ப்பெயர் பொதுச்சொல்லான கதை. நூலில் தபுரியெந்தே வரும், பந்தாமா வரும், நியூ மெக்சிகோவின் வாயெஸ் கால்டெரா வரும். பெயருக்குள்ளேயே சொல் இருக்கும்போது பெயரில் ஒன்று, பாடத்தில் இன்னொன்று என்றால் படிப்பவருக்குத் தொடர்பு அறுந்துவிடும். முதல் தடவை வரும் இடத்தில் 'எரிமலைக் கொப்பரை' என்று ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டு, பிறகு கால்டெரா என்றே ஓட்டுங்கள்.

எழுத்துக்கூட்டல்: ஸ்பானியர் வாயில் அது 'கல்தேரா'. நம் 'பந்து'வில் வரும் த, அழுத்தம் 'தே' மேல், கடைசியில் நம் சாதாரண ர. ஆங்கிலக்காரர்கள்தான் 'கால்டெரா', 'கால்டீரா' என்று ஆக்கினார்கள். இடப்பெயராக வரும்போது கல்தேரா, நிலவியல் சொல்லாக வரும்போது கால்டெரா என்று நான் எழுதுவது வழக்கம். மேலே என் பதிலிலும் அப்படித்தான் செய்திருக்கிறேன், பாருங்கள்.

கூழாங்கல்

இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அகராதிப்புழு ஐயா, கொப்பரையும் உள்ளே வந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. மூல நூலில் கால்டெரா அத்தியாயத்தின் முகப்புப் படமே தபுரியெந்தேதான். 'லா பால்மாவின் புகழ்பெற்ற கால்டெரா' என்று தலைப்பு. அப்படியே விடலாமா, மாற்றலாமா?

விளிம்புவாசி

படத்தை விடுங்கள், அழகான இடம். தலைப்பை மாற்றுங்கள். 'கல்தேரா தெ தபுரியெந்தே, லா பால்மா. கால்டெரா என்ற சொல் இந்த இடத்தின் பெயரிலிருந்து வந்தது. இந்தப் பள்ளம் நிலச்சரிவாலும் ஓடை அரிப்பாலும் உண்டானது' என்று போட்டால் போதும். அத்தியாய முகப்புக்கு அசல் ஒன்று வேண்டும் என்றால் கிரேட்டர் ஏரியின் மேலிருந்து எடுத்த படம் கேட்டு வாங்குங்கள், வளையம் முழுசாகத் தெரியும்.

அச்சுக்குப் போகுமுன் படத்தை ஒரு தடவை எனக்கு அனுப்புங்கள். 2021 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை லா பால்மாவின் தெற்கில் கும்ப்ரே வியேஹாவில் எரிமலை வெடித்தது. அதற்குப் பிறகு லா பால்மா என்று தேடினால் அந்தப் புகைப் படங்கள்தான் முதலில் வந்து விழுகின்றன. படத்தில் புகை இருந்தால் அது தபுரியெந்தே இல்லை.